நித்யாவின் பட்டியல்: சரோஜாவுக்கு ஒரு கடிதம்

ராஜபாளையம்

அன்புள்ள சரோஜா,

உன் நீளமான மின்னஞ்சல் வந்தது. இங்கே எல்லாரும் சுகம். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது பேப்பரில் ஒரு வரி விடாமல் படிக்கிறார். படிப்பதோடு நில்லாமல் எனக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார் என்பதுதான் கஷ்டம். மழை இந்த வருஷம் பரவாயில்லை, அய்யனார் கோயில் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. நான் ரிட்டயர் ஆகிவிட்டேன் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? காலையில் வாசல் தெளிக்கும்போதே யாராவது ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

நீ இரண்டு சேதி எழுதியிருந்தாய். ஒன்று, உங்கள் பக்கத்து வீட்டு அம்மா செத்துப்போன தன் நாயைக் குளோனிங் முறையில் நகல் எடுக்கப் பணம் கட்டியிருப்பது. இன்னொன்று உன் மகள் நித்யா. முதல் சேதியைச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். இரண்டாவதற்கு வந்ததும் உன் வாக்கியமெல்லாம் குட்டையாகிவிட்டது. எனக்கு இரண்டும் ஒரே சேதியாகத்தான் படுகிறது.

நாயை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் டெக்சாஸில்தான் 2001 டிசம்பரில் உலகத்தின் முதல் குளோனிங் பூனை பிறந்தது, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில். 'சிசி' என்று பெயர் வைத்தார்கள். செல் கொடுத்த பூனை 'ரெயின்போ' மூன்று நிறப் பூனை. குட்டியோ பழுப்பும் வெள்ளையுமாக வந்தது, ஆரஞ்சு நிறமே இல்லை. காரணம் நமக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததுதான்: ஆரஞ்சு நிற ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோமில் ஒன்று அணைந்துபோகும், எது அணையும் என்பது குருட்டாம்போக்கு. ஒரே ஜீன்தான், உருவம் வேறு. பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் தன் நாயிலிருந்து இரண்டு குட்டிகளை உண்டாக்கிக்கொண்டதை 2018ல் வெளியே சொன்னார், இரண்டுக்கும் குணம் வேறு என்பதையும் அவரே சொன்னார். உங்கள் பக்கத்து வீட்டு அம்மா 50,000 டாலர் கொடுத்துக் கேட்பது பழைய நாயை. வரப்போவது அதன் இரட்டைப்பிறவி, பல வருஷம் தாமதமாக. பாவம் அந்தக் குட்டி. கண் திறக்கும் முன்பே அதை ஒரு செத்த நாயோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். "அவன் இப்படிக் குரைக்க மாட்டானே!"

சரி, நித்யா. சோதனைக்குழாய் முறையில் கருக்கள் உண்டாகிவிட்டன, ஐந்தாம் நாளில் சில செல்களைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று, எல்லாம் நல்ல சேதி. அதன் மேல் இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் உயரம், கண் நிறம், அறிவு, சர்க்கரை வியாதி என்று கருக்களை வரிசைப்படுத்தித் தருகிறோம் என்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஆசை, இவளுக்குத் தயக்கம். "நாம் டியூஷன் வைக்கவில்லையா, பாட்டு கிளாஸ் அனுப்பவில்லையா, அதுவும் இதுவும் ஒன்றுதானேடி?" என்று கேட்டிருக்கிறாய்.

நீ படிப்பை முடித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டாய். நான் சர்வீஸ் முழுக்க மாட்டுக்குச் சினை ஊசி போட்டவள். ஆர்டர் கொடுத்துப் பிள்ளை பெற வைப்பதுதான் என் தொழிலாகவே இருந்தது. ஜெர்சி இனமா, எச்.எஃப். இனமா என்று விவசாயி கேட்பார், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் போடுவேன். இப்போது பெண் கன்றாகவே பிறக்கிற ஊசியும் வந்துவிட்டது. விந்தணுவைப் பிரித்தெடுத்து நிரப்புகிறார்கள், பத்துக்கு ஒன்பது பெண் கன்று. நம் ஊட்டியிலேயே தயாராகிறது. காளைக் கன்று பால் தராது, உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, அதனால் அதற்கு இடமில்லை. விவசாயியைக் குற்றம் சொல்ல மாட்டேன், தீவனம் விற்கிற விலையில் அவர் என்ன செய்வார்? ஆனால் ஒன்றை யோசித்துப் பார். மாட்டுக்குப் பெண்ணைக் கேட்ட அதே வீட்டில் மனுஷருக்கு ஆணைக் கேட்டார்கள். இரண்டுக்கும் ஜீன் காரணமில்லை. மாட்டுக்குப் பால் விலை, மனுஷருக்கு வரதட்சணை.

ஸ்கேன் மெஷின் வந்த காலம் உனக்கு நினைவிருக்கும். அது கர்ப்பத்தில் கோளாறு பார்க்க வந்தது. ஊர் அதை வேறு ஒன்றுக்குப் பயன்படுத்திக்கொண்டது. மெஷின் இல்லாத இடத்தில் பிறந்த பிறகு கொன்றார்கள். 1992ல் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது அதனால்தான். 1994ல் கருவின் பாலினம் பார்க்கக் கூடாது என்று மத்திய அரசு சட்டமே போட்டது. ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991 கணக்கில் 945 பெண் குழந்தைகள். சட்டம் வந்த பிறகு எடுத்த 2001 கணக்கில் 927. ஆகவே ஒரு கருவியால் என்ன ஆகும் என்பதை அதைச் செய்தவரிடம் கேட்டுப் பயனில்லை. கல்யாண மண்டபத்தில் போய் உட்கார்ந்து பேச்சைக் கேட்க வேண்டும்.

நாய் விஷயத்தில் ஊர் என்ன கேட்டது என்று நான் தினமும் பார்க்கிறேன். நம் ராஜபாளையம் நாய்க்கு 2005ல் தபால் தலையே வெளியிட்டார்கள், பெருமைதான். ஆனால் வாங்க வருகிறவர்களுக்கு உடம்பெல்லாம் தூய வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம் வேண்டும். காபிக் கலர் திட்டு ஒன்று இருந்தால் முகம் சுளிப்பார்கள். வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போனதில் செவிட்டுக் குட்டிகள் நிறையப் பிறக்கின்றன. உள்காது வேலை செய்ய நிறமி செல் வேண்டும், அது இல்லாத இடத்தில் காது போய்விடும். "கூப்பிட்டால் திரும்ப மாட்டேங்குது டாக்டரம்மா, திமிர் பிடிச்ச குட்டி" என்று கொண்டு வருவார்கள். பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டுவேன், குட்டி ஆடாமல் அசையாமல் எதிரே பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் அந்த ஹட்ச் நாய்! செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னால் ஓடியதே, பக். அதைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குத் தெரு வாங்கினார்கள். முகம் குழந்தை மாதிரி தட்டையாக இருக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ ஆசைப்பட்டதால் அதற்கு மூச்சுக்குழல் சுருங்கிப்போய், சித்திரை வெயிலில் நாக்கு நீலமாகி என் மேஜைக்கு வரும். குறட்டை விடுவது அழகாக இருக்கிறது என்று வீடியோ எடுப்பார்கள். அது குறட்டை இல்லை, மூச்சுத் திணறல். நார்வேயில் ஒரு நீதிமன்றம் 2022ல் புல்டாக் நாயையும் கவாலியர் நாயையும் இனப்பெருக்கம் செய்வதே விலங்குநலச் சட்டத்துக்கு விரோதம் என்றது. மேல்முறையீட்டில் புல்டாக் தப்பித்துக்கொண்டது, கவாலியருக்குத் தடை நின்றது.

இதெல்லாம் ஜீன் கத்தரிக்கோல் வருவதற்கு முந்தைய கதை. பொறுமையாகச் சேர்த்துச் சேர்த்துச் செய்தது. ஜீனை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் என்ற அந்தக் கத்தரிக்கோல் வந்த பிறகு, 2015ல் சீனாவின் குவாங்சோவில் ஒரு ஜீனை முடக்கிச் சதை திரண்ட பீகிள் நாய்களை உண்டாக்கினார்கள், போலீசுக்கும் ராணுவத்துக்கும் ஆகும் என்றார்கள். அதே வருஷம் ஷென்சனில் வளர்ப்புக்கு என்று குட்டைப் பன்றி, விலை 10,000 யுவான் என்று அறிவித்தார்கள். நாய்க்கும் பன்றிக்கும் யாரும் மறுப்புச் சொல்லப் போவதில்லை. மனுஷருக்குச் செய்யத் தயங்குவதை அங்கே தயங்காமல் செய்வோம். நம் ஆசை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் நாம் வளர்க்கும் பிராணியைப் பார்த்தால் போதும்.

இப்போது உனக்கு ஒரு மீன் கதை. வண்ணமீன் கடையில் ஜீப்ரா மீன் பார்த்திருப்பாய், உடம்பில் நீலக் கோடு போட்ட பொடி மீன். நம் துணைக்கண்டத்து ஓடைகளில் இருப்பதுதான். 1999ல் சிங்கப்பூரில் அதற்குள் ஜெல்லி மீனின் ஒளிரும் ஜீனை வைத்தார்கள், தண்ணீர் மாசுபட்டால் காட்டிக்கொடுக்கும் மீன் வேண்டும் என்பதற்காக. மாசைக் காட்டும் முன் மீன் தொட்டிக்குப் போய்விட்டது: 2004 ஜனவரியில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து, அங்கே விற்ற முதல் ஜீன் மாற்றிய செல்லப்பிராணி ஆயிற்று. பிரேசிலில் பண்ணையிலிருந்து தப்பி ஓடைகளில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கிறது என்று 2022ல் ஆய்வு வந்தது. அதை விடு. அதே ஜீப்ரா மீனில் 'கோல்டன்' என்று வெளிறிய ரகம் ஒன்று உண்டு. ஏன் வெளிறியது என்று பென்சில்வேனியாவில் கீத் செங் என்பவர் குழு தேடிப் போய் 2005ல் ஒரு ஜீனைப் பிடித்தது, எஸ்.எல்.சி.24.ஏ.5. அதுவே மனிதர் தோல் நிறத்திலும் வேலை செய்கிறது. ஜீன் என்பது நீளமான எழுத்து வரிசை மாதிரி; அதில் ஓர் எழுத்து மாறினால் தோல் வெளுக்கிறது. ஐரோப்பியரில் ஏறக்குறைய எல்லாருக்கும் அந்த மாறிய எழுத்துதான். 2013ல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. உயிரியல் ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டவர்கள் தென்னிந்தியாவில் 1,228 பேரின் தோல் நிறத்தை அளந்து பார்த்தார்கள். அவர்களுக்குள் இருந்த நிற வேறுபாட்டில் 27 சதவீதம் அந்த ஓர் எழுத்தால் வந்தது.

நம் வீடுகளில் ஒரே தாய் வயிற்றில் ஒன்று மாநிறம், ஒன்று கறுப்பு என்று பிறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதை எதற்குச் சொல்கிறேன் என்று உனக்கே புரிந்திருக்கும். உயரத்தை எடுத்துக்கொள்: 54 லட்சம் பேரை ஆராய்ந்து 2022ல் வெளியிட்டார்கள், 12,111 இடங்களில் உயரத்தோடு தொடர்புடைய எழுத்துகள் இருக்கின்றன. அத்தனையையும் யார் திருத்துவது? அறிவு அதைவிடச் சிக்கல். நிறம் அப்படியில்லை. ஒரே எழுத்துக்கு இவ்வளவு பங்கு இருக்கிறது. கருவைத் திருத்தக்கூட வேண்டாம். அப்பா அம்மா இரண்டு பேரிடமும் இரண்டு வகையும் இருந்தால், இருக்கிற கருக்களில் பொறுக்கினாலே போதும். நம் நாட்டில் இது எதற்கு ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை பக்கத்தைப் பிரி. உன்னைப் பெண் பார்க்க வந்தபோது அந்த அத்தை என்ன சொன்னாள், நினைவிருக்கிறதா? "மூக்கும் முழியும் லட்சணம்தான், இன்னும் கொஞ்சம் நிறம் கூட இருந்திருக்கலாம்." எனக்கு இன்றைக்கும் அவளை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த அத்தையின் வாயை மூட முடியாமல் குழந்தையின் ஜீனை மாற்றுவது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. குறை ஊரில் இருக்கிறது, கத்தி பிள்ளை மேல் விழுகிறது. 2018ல் ஷென்சனில் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய் செய்ததும் அதே வகைதான். எச்.ஐ.வி. தொற்றக்கூடாது என்று ஜீன் திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டன என்று அவர் சொன்னதும் உலகமே அலறியது. குழந்தைகளின் அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருந்தது. விந்தணுவைக் கழுவிச் சுத்தம் செய்து கருத்தரித்தால் குழந்தைக்குத் தொற்று வராது, அது பழைய முறை. இருந்தும் எச்.ஐ.வி. உள்ளவரை ஊர் நடத்துகிற விதத்துக்குப் பயந்து அவரிடம் போன குடும்பங்கள் அவை. சீன நீதிமன்றம் 2019 டிசம்பரில் அவருக்கு மூன்று வருஷம் சிறை கொடுத்தது. அவர் விரும்பிய மாற்றமும் நினைத்தபடி விழவில்லை. அந்தப் பெண்கள் இப்போது பள்ளிக்கூடம் போகும் வயதில் இருப்பார்கள். அவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியாமல் இருப்பது ஒன்றுதான் ஆறுதல்.

டியூஷன் கேள்விக்கு வருகிறேன். என் மகனை மிருதங்கம் கிளாசில் சேர்த்தோமே, என்ன செய்தான்? சைக்கிளை எடுத்துக்கொண்டு சினிமாவுக்குப் போனான். டியூஷனுக்கு மட்டம் போடலாம், ஜீனுக்கு மட்டம் போட முடியாது. அவன் மிருதங்கம் வாசிக்காமல் போனதில் எங்களுக்கு வருத்தம்தான், ஆனால் கணக்குக் கேட்க ஒன்றுமில்லை. பணம் கட்டி, ரிப்போர்ட் பார்த்து, நான்காம் நம்பர் கருவை விட்டுவிட்டு இரண்டாம் நம்பரை எடுத்த பெற்றோருக்குக் கணக்குக் கேட்கத் தோன்றும். நீட்டில் மார்க் குறைந்த அன்றைக்கு, "உன்னைப் பொறுக்கி எடுத்தோமே!" என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? அதே வீட்டில் மூத்தது தானாகப் பிறந்து, இளையது பட்டியலில் பிறந்திருந்தால் இன்னும் மோசம். யாருக்கு எவ்வளவு நகை போட்டீர்கள் என்று சண்டை போடுவது போதாதென்று இது வேறா?

பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இடம் மாறும். முன்பு ஊனத்தோடு பிள்ளை பிறந்தால் தலையெழுத்து என்பார்கள். கொடுமைதான், ஆனாலும் தாயை ஓரளவு விட்டுவிடுவார்கள். இப்போது டவுன் சிண்ட்ரோம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், "ஏம்மா, ஸ்கேன்ல தெரியலையா?" என்று முன்பின் தெரியாதவர் கேட்கிறார். செய்ய முடியும் என்று வந்துவிட்டால், செய்யாதவள் குற்றவாளி. நாளைக்குக் குட்டையாகப் பிறந்ததற்கும், கறுப்பாகப் பிறந்ததற்கும், சோடாபுட்டிக் கண்ணாடிக்கும் அதே கேள்வி வரும். ஜாதகக் கட்டோடு ஜீன் கட்டும் சேர்த்துப் புரோக்கர் கொண்டுவருவார். சாதிக்காரன் இதுவரை உயர்வு தாழ்வுக்குப் பொய்யாக ஒரு காரணம் சொன்னான். பணம் உள்ளவன் கையில் இனி ரிப்போர்ட் இருக்கும்.

நோய்க்கு எதிராக நான் ஒன்றும் சொல்லவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதே. பிலடெல்பியாவில் உடம்பில் அம்மோனியா தேங்குகிற கோளாறோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அவனுக்கென்றே ஜீன் திருத்த மருந்து தயாரித்துக் கொடுத்ததை 2025 மே மாதம் படித்தபோது நான் கும்பிட்டேன். அது அவன் ஈரலோடு நிற்கும், அவன் பிள்ளைகளுக்குப் போகாது. அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய்க்கு 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் கிரிஸ்பர் சிகிச்சையை அனுமதித்தன. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர், நம் பணத்துக்கு 18 கோடிக்கு மேல். அந்த நோய் இந்தியாவில் இருப்பதை முதன்முதலில் 1952ல் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? நம் நீலகிரிப் பழங்குடிகளிடம். கூடலூர்ப் பக்கத்துப் பணியர் குடியில் ஒரு பிள்ளை வலியில் துடிக்கும்போது, இங்கே ஒரு கரு இரண்டு அங்குலம் உயர வேண்டும் என்று பணம் கட்டுவது எனக்குச் சரிக்கட்டவே முடியவில்லை.

அந்த இரண்டு அங்குலமும் வராது என்பது வேறு விஷயம். 2019ல் இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: இருக்கும் கருக்களில் மேலானதைப் பொறுக்கினால் சராசரியாகக் கிடைக்கும் லாபம் இரண்டரை சென்டிமீட்டர், அறிவுச் சோதனையில் இரண்டரைப் புள்ளி. இரண்டரை சென்டிமீட்டருக்குச் செருப்பை மாற்றினால் போதாதா? அதுவும் அந்தக் கணிப்பெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துச் செய்தது, நம் ஆட்களுக்கு இன்னும் தடுமாறும். 2025 ஜூனில் நியூக்ளியஸ் ஜீனோமிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 5,999 டாலருக்கு இப்படி வரிசைப்படுத்தித் தருவதாக அறிவித்தபோதே மரபியல் படித்தவர்கள் பலர் கையை விரித்தார்கள். மாப்பிள்ளை இன்ஜினியர்தானே, பிழை எல்லை எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்கச் சொல். அந்தக் கேள்விக்கு அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்து அவரே முடிவு செய்துகொள்வார்.

நித்யாவிடம் நான் சொல்வது இவ்வளவுதான். இரண்டு பேருக்கும் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கு இரத்தம் பார்த்தாயிற்றா? இரண்டு பேரிடமும் அந்தக் கோளாறு ஜீன் இருந்தால் நாலில் ஒரு பிள்ளைக்கு நோய் வரும், அதற்குக் கருவைச் சோதித்துப் பார்ப்பதில் ஒரு தப்பும் இல்லை, கண்டிப்பாகப் பார்க்கட்டும். உங்கள் வீட்டில் அப்படி ஏதும் நோய் வந்ததாக எனக்கு நினைவில்லை; மாப்பிள்ளை வீட்டில் கேள், கூச்சப்படாமல் கேள். உயரம், நிறம், அறிவுப் பட்டியலை மட்டும் வாங்கவே வேண்டாம். வாங்கிப் பார்த்துவிட்டுப் பொருட்படுத்தாமல் இருப்பேன் என்று அவள் சொல்லக்கூடும். பார்த்ததை மறக்க முடியாது, அவள் என்னைவிட ஞாபகசக்திக்காரி. டாக்டர் எந்தக் கரு ஒட்டும் என்று நினைக்கிறாரோ அதை வைக்கட்டும்.

அவளை நேராக எனக்குப் போன் செய்யச் சொல். இங்கே ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, இவர் பேப்பர் வாசித்து முடிக்கவே பத்து மணி ஆகிறது. நீ பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய், டிக்கெட் போட்டாயிற்றா? மதுரைக்கு வந்தால் கார் அனுப்புகிறேன். வற்றலும் மாங்காய் ஊறுகாயும் போட்டு வைத்திருக்கிறேன், பெட்டியில் இடம் விட்டு வா.

அன்புடன்,
கோமதி